எல்டர்க்ளீம் குகைவனம்: வேருக்கும் வலிக்காமல், மோரிஸும் சாகாமல் போய்வர

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டில் வைட்ரன் நகருக்குள் முதன்முறை நுழைகிற யாரும் அந்த மரத்தைத் தவறவிட முடியாது. விண்ட் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் இடைப்பகுதியின் நடுச் சதுக்கத்தில், டிராகன்ஸ்ரீச் கோட்டைக்கு ஏறும் படிகளுக்கு முன்னால், பட்டுப்போன ஒரு பெரிய மரம் நிற்கும். பெயர் கில்டர்கிரீன். மின்னல் விழுந்து பட்டுப்போனது. அதன் தாய்மரமான எல்டர்க்ளீம், ஈஸ்ட்மார்ச் மாநிலத்தின் வெந்நீர் ஊற்று நிலத்துக்கு நடுவே, ஒரு பாறைக் குகைக்குள் பச்சைப்பசேலென்று ஒளிந்திருக்கிறது. வெளியே சாம்பல் பூத்த தரை, கந்தக மஞ்சள், ஆவி. உள்ளே போனால் அருவி, குளம், மேலிருந்து இறங்கும் வெயில், நடுவில் மரம். 2011-இல் வெளியான இந்த விளையாட்டில் வாளை உறையில் போட்டுவிட்டுச் சும்மா சுற்றிப்பார்க்கத் தோன்றும் இடங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

அங்கே போவதற்கான குவெஸ்ட்டின், அதாவது விளையாட்டு தரும் பணியின், பெயர் ‘தி பிளெஸ்ஸிங்ஸ் ஆஃப் நேச்சர்’. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று நடை: கோயில், சூனியக்காரிகளின் பாறை, குகைவனம். ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் குகையை ரத்தக்களரியாக்கிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். காரணம், இதில் இரண்டு முடிவுகள் உண்டு என்பதும், இரண்டாவது முடிவு மோரிஸ் ஜோண்ட்ரெல் என்ற கவசமில்லாத பக்தர் உயிரோடு இருப்பதைப் பொறுத்தது என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் பாதி, அந்த மனிதரைச் சாகாமல் கூட்டிப்போவது எப்படி என்பதுதான்.

கதை முடிச்சுகள் கீழே அவிழும். அது வேண்டாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, மோரிஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்த லெவலில் போவது

குவெஸ்ட்டைத் தொடங்க லெவல் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வைட்ரனுக்குள் நுழைந்த அன்றே வாங்கிவிடலாம். ஆனால் இரண்டாம் கட்டத்தில் ஒரு ஹாக்ரேவன் காத்திருக்கிறாள். பாதி கிழவி, பாதி பறவை. தூரத்திலிருந்து நெருப்பை வீசுவாள், கிட்டே போனால் நகத்தால் கிழிப்பாள். லெவல் ஐந்தாறில் தோல் கவசத்தோடு போனால் இரண்டு மூன்று அடியில் ஆட்டம் முடிந்துவிடும். லெவல் 12 முதல் 15 வரை பொறுத்திருந்து போவது நிம்மதி. அதற்குள் மெயின் குவெஸ்ட்டில் மேற்குக் காவல்கோபுரத்து டிராகனை முடித்திருந்தால் லிடியா என்ற போர்வீராங்கனை துணைக்கு வந்திருப்பாள். பாறைக்கு அவளைக் கூட்டிப்போங்கள். குகைக்கு வேண்டாம், ஏன் என்று பின்னால் வருகிறது.

மூட்டை கட்டுதல்

உயிர் மருந்து எட்டிலிருந்து பத்து வரை இருக்கட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வைட்ரன் மதிலுக்கு வெளியே உள்ள பண்ணைகளில் கோதுமை விளைகிறது. ரிவர்வுட் போகும் வழியெங்கும் நீல மலைப்பூ பூத்துக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தால் உயிரை நிரப்புவதோடு உயிரின் அளவையும் சற்று நேரம் கூட்டித்தரும் மருந்து கிடைக்கும். கலக்குவதற்கான மேசை, வைட்ரன் சந்தையில் ஆர்காடியாஸ் கால்ட்ரன் என்ற மருந்துக்கடைக்குள் இருக்கிறது.

ஹாக்ரேவனின் நெருப்பைத் தாங்க மூன்று நான்கு நெருப்பெதிர்ப்பு மருந்து. பனிப்பெர்ரியும் டிராகன்ஸ் டங் பூவும் சேர்த்தால் போதும். பனிப்பெர்ரி வடக்கே பனி கிடக்கும் இடமெல்லாம் உண்டு. டிராகன்ஸ் டங் அந்த வெந்நீர் ஊற்று நிலத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும். அங்கே ஒருமுறை முன்கூட்டியே போய்வரச் சொல்லப்போகிறோம், போகும்போது பறித்துக்கொள்ளுங்கள்.

ஆயுதத்தில், கொஞ்சமாவது நெருப்பு வேண்டும். எந்த இனத்தவராக ஆடினாலும் ஆரம்பத்திலேயே கையில் இருக்கும் ஃபிளேம்ஸ் மந்திரம்கூட உதவும். மரத்தைக் காயப்படுத்தினால் கிளம்பிவரும் ஸ்பிரிகன் என்ற மர உருவங்களுக்கு நெருப்புதான் ஆகாது. அம்பு நாற்பது ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள். ஹாக்ரேவன் மேட்டில் நிற்பாள்.

முதல் நடை: டானிகாவிடம்

கைனரெத் கோயில் கில்டர்கிரீன் மரத்தை ஒட்டியே இருக்கிறது. உள்ளே காயம்பட்டவர்கள் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர் டானிகா ப்யூர்-ஸ்பிரிங். பகலில் போய்ப் பேசுங்கள். வெளியே நிற்கும் மரத்தைப் பற்றிக் கேட்டால் விஷயத்தைச் சொல்வார். கோயிலுக்கு வரும் யாத்ரீகர்கள் மொட்டை மரத்தைப் பார்த்து மனம் நொந்து போகிறார்கள். தாய்மரமான எல்டர்க்ளீமின் பால் கிடைத்தால் இதைத் துளிர்க்க வைக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், எல்டர்க்ளீம் உலோகம் தோன்றுவதற்கும் முந்தைய மரம். சாதாரணக் கத்தி அதன் மேல் இறங்காது. இறங்கக்கூடியது நெட்டில்பேன் என்ற குறுவாள் ஒன்றுதான். ஸ்பிரிகன்களைப் பலி கொடுப்பதற்காக ஹாக்ரேவன்கள் செய்துகொண்டது. அது ஆர்ஃபன் ராக்கில் இருக்கிறது.

கைனரெத் என்ற பெயர், ஸ்கைரிமின் மக்களான நார்டுகளின் பழைய வழிபாட்டில் கைனே. காற்றுக்கும் வானுக்கும் காட்டுக்கும் அவள்தான் தெய்வம். வடபுலத்துப் பழங்கதைகளில் ஒன்பது உலகங்களையும் தாங்கி நிற்கும் இக்ட்ரசில் என்ற மரம் வருகிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் கோயிலும் அதையொட்டிய புனிதத் தோப்பும் இருந்ததாக 11-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு உண்டு. அந்தச் சாயல்தான் இந்தக் கோயிலும் மரமும். 8-ஆம் நூற்றாண்டில் போனிஃபஸ் என்ற கிறித்துவத் துறவி, ஜெர்மானியர்கள் வணங்கிவந்த ஓக் மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்த செய்தியும் வரலாற்றில் இருக்கிறது. நெட்டில்பேனைக் கையில் பிடித்துக்கொண்டு எல்டர்க்ளீம் முன்னால் நிற்கும்போது, புனித மரத்தில் ஆயுதத்தை வைக்கலாமா என்ற கேள்வியைத்தான் இந்த விளையாட்டு உங்களிடம் கேட்கிறது.

இரண்டாம் நடை: ஆர்ஃபன் ராக்

இடம் ஃபால்க்ரீத் மாநிலத்தில், ஆட்டம் தொடங்கும் ஹெல்கென் ஊருக்குக் கிழக்கே. காட்டுக்குள் தனியாக எழுந்து நிற்கும் ஒரு பெரும்பாறை. அடிவாரத்தில் சூனியக்காரிகள் சிலர் திரிவார்கள். உச்சியில் ஹாக்ரேவன். பாறைக்கு ஏற, சாய்ந்து விழுந்த மரம் ஒன்று பாலம்போல் கிடக்கும்.

முதலில் கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக முடியுங்கள். பதுங்கிப் போய் மரங்களுக்குப் பின்னாலிருந்து அம்பு விட்டால், ஒருத்தி விழுவதை அடுத்தவள் கவனிப்பதற்குள் இடம் மாறிவிடலாம். அவசரப்பட்டு நேரே பாறைமேல் ஓடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கீழிருந்து உறைபனி, மேலிருந்து நெருப்பு என்று இரண்டுக்கும் நடுவில், ஒதுங்க இடமில்லாத மரப்பாலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கீழே ஓய்ந்ததும் ஒரு சேவ் போடுங்கள். கணினியில் எஃப்5 தட்டினால் போதும். நெருப்பெதிர்ப்பு மருந்தை இப்போது குடியுங்கள், முன்னதாகக் குடித்து வீணாக்க வேண்டாம். ஹாக்ரேவன் தூரத்தில் நின்று மந்திரம் வீசத்தான் விரும்புவாள். வில்லாளி என்றால் ஒரு மரத்தையோ பாறையையோ மறைவாக வைத்துக்கொண்டு, அவள் வீசி முடித்த இடைவெளியில் எட்டிப் பார்த்து அடியுங்கள். வாள்காரர் என்றால் நேராக ஓடாமல் வளைந்து ஓடி ஒட்டிவிடுங்கள். கேடயத்தால் ஒரு முட்டு முட்டினால் அவள் தடுமாறுவாள், அந்த நேரத்தில் இரண்டு மூன்று வெட்டு. லிடியா இருந்தால் அவளை முன்னே விட்டுவிட்டுப் பின்னாலிருந்து அடிப்பதே லாபம்.

நெட்டில்பேன் ஹாக்ரேவனின் உடலில்தான் இருக்கும். பாறையெல்லாம் துழாவிவிட்டுக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பிணத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். அவள் உருண்டு கீழே விழுந்திருந்தால் இறங்கித் தேட வேண்டியிருக்கும். அதனாலேயே, முடிந்தவரை அவளைப் பாறையின் நடுவில் வைத்து முடிப்பது நல்லது.

நடுவில் ஒரு காரியம்: குகையைத் தனியாகக் கண்டுபிடித்து வையுங்கள்

குவெஸ்ட் குறிப்பு உங்களை நேரே டானிகாவிடம் திரும்பப் போகச் சொல்லும். போகாதீர்கள். முதலில் தனியாக ஈஸ்ட்மார்ச்சுக்குப் போய்க் குகை வாசலைத் தொட்டுவிட்டு வாருங்கள். இந்த ஒரு நடைதான் மோரிஸின் உயிர்.

ஏனென்றால், ஒருமுறை போய்ப் பார்த்த இடத்துக்கு மட்டுமே மேப்பிலிருந்து ஃபாஸ்ட் டிராவல் செய்ய, அதாவது நடக்காமல் நேரே போய் இறங்க, முடியும். உங்களோடு வருகிறவர்களும் அப்போது கூடவே வந்துவிடுவார்கள். வாசலை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருந்தால், பிறகு மோரிஸைக் கோயிலிலிருந்து குகை வாசலுக்கு ஒரே தாவில் கொண்டுவந்துவிடலாம். இல்லையென்றால் மாமதயானைகள், ராட்சதர்கள், நீண்ட கோரைப்பல் கொண்ட சேபர்கேட் எல்லாம் திரியும் நிலத்தில் அந்த மனிதரை நடத்திக் கூட்டிவர வேண்டும்.

போகும் வழி இரண்டு. சோம்பேறி வழி: வைட்ரன் லாயத்துக்கு எதிரே நிற்கும் வண்டியில் 20 காசு கொடுத்து விண்ட்ஹெல்ம் போய், அங்கிருந்து தெற்கே கைன்ஸ்க்ரோவ் ஊரைத் தாண்டி இறங்குவது. நடைவழி: வைட்ரனிலிருந்து கிழக்கே வெள்ளாற்றை ஒட்டிய சாலை. அதில் வால்தீம் கோபுரங்களில் கொள்ளையர்கள் நின்றுகொண்டு 200 காசு சுங்கம் கேட்பார்கள். கொடுத்தும் போகலாம், பேச்சில் மடக்கியும் போகலாம், அடித்தும் போகலாம். அதற்குப் பிறகு சாலை அருவிகளோடு கீழே இறங்கி ஈஸ்ட்மார்ச்சைத் தொடும். அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும்.

தரை சாம்பல் நிறமாகி, குளங்களில் ஆவி பறக்கத் தொடங்கினால் சரியான நிலத்துக்கு வந்துவிட்டீர்கள். சமவெளியில் தனியாகத் தெரியும் பாறை மேட்டில் குகை வாய் இருக்கிறது. கிட்டே வந்ததும் திசைகாட்டியில் அதன் குறி தெரியும், அதைப் பார்த்து நடந்தால் போதும். ராட்சதர்களின் முகாமில் எரியும் பெரிய தீ எட்டத்திலிருந்தே தெரியும். அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கிப் போங்கள். ராட்சதன் உங்களைப் பார்த்தாலும் உடனே அடிக்க வரமாட்டான், மாமதயானையையோ முகாமையோ நெருங்கினால்தான் வருவான். அடி வாங்கினால் வானத்தில் பறப்பீர்கள். ஸ்கைரிமின் மிகப் பழைய நகைச்சுவை அது. இந்த நிலத்தில் போன்ஸ்ட்ரூன் கிரெஸ்ட் என்ற மேட்டில் டிராகன் தங்குமிடமும் இருக்கிறது. வானத்தில் உறுமல் கேட்டால் குகைக்குள் ஓடிவிடுங்கள்.

வந்த வேலையோடு செடிகளையும் கவனியுங்கள். க்ரீப் கிளஸ்டர், ஜாஸ்பே திராட்சை, டிராகன்ஸ் டங் மூன்றும் இங்கே நிறையக் கிடைக்கும். க்ரீப் கிளஸ்டரை ராட்சதனின் கால்விரலோடு சேர்த்தால் சுமை தாங்கும் அளவைக் கூட்டும் மருந்து. நல்ல விலைக்கும் போகும். குளங்களில் ஒன்றில் வேட்டைக்காரர்கள் சிலர் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெந்நீரில் ஊறிக்கொண்டிருப்பார்கள். அவர்களால் தொந்தரவு இல்லை.

வேண்டுமானால் இப்போதே உள்ளே எட்டிப் பார்க்கலாம். அஸ்தா, சாண்ட் என்று இரண்டு பக்தர்கள் இருப்பார்கள். மரத்துக்குப் போகும் பாதையில் பருத்த வேர்கள் குறுக்கே படுத்திருக்கும். அவற்றை இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். வெளியே வந்து வைட்ரனுக்குத் திரும்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: பசி, குளிர், களைப்பு எல்லாம் சேர்ந்த கடினமான சர்வைவல் மோடில் ஆடுகிறவர்களுக்கு ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. அவர்கள் மோரிஸோடு வண்டியில் விண்ட்ஹெல்ம் வரை போய், அங்கிருந்து நடக்க வேண்டும். பகலில் கிளம்பி, சாலையை விட்டு விலகாமல், ஏதாவது மிருகம் தெரிந்தால் மோரிஸை முந்திக்கொண்டு தூரத்திலேயே அடித்துவிடுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

மோரிஸ்

டானிகாவிடம் நெட்டில்பேனைக் காட்டினால் அதைத் தொடக்கூட மாட்டார். நீங்களே போய்ப் பாலை எடுத்துவரச் சொல்வார். அந்தச் சமயத்தில் பக்கத்தில் நிற்கும் மோரிஸ் ஜோண்ட்ரெல், பிரெட்டன் இனத்து யாத்ரீகர், எல்டர்க்ளீமை ஒருமுறை பார்க்க வேண்டும், கூட வரட்டுமா என்று கேட்பார். சரி என்று சொல்லுங்கள். தொல்லை என்று கழற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த இடத்திலேயே இரண்டாவது முடிவும் கழன்றுவிடுகிறது. அவசரத்தில் மறுத்துவிட்டால் கோயிலிலேயே அவரைத் தேடிப் போய்ப் பேசிப் பாருங்கள்.

லிடியா போன்ற துணை இருந்தால் இப்போது அனுப்பிவிடுங்கள், அல்லது வைட்ரனில் காத்திருக்கச் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவர் எதிரியைக் கண்டதும் பாய்வார். சண்டை வந்தால் குறுகிய குகைக்குள் வாள்வீச்சு மோரிஸ் மேலும் விழும், பக்தர்கள் மேலும் விழும். நெருப்பு அட்ரோனாக் என்ற உருவத்தை மந்திரத்தால் வரவழைக்கும் பழக்கம் உள்ளவர்களும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது எதிரி மேல் நெருப்பை எறியும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் மோரிஸும் வந்துவிட்டாரா என்று பாருங்கள். அவர் வருவதற்குள் ஃபாஸ்ட் டிராவல் செய்தால் சில சமயம் பின்தங்கிவிடுவார். கண்ணில் பட்ட பிறகு மேப்பைத் திறந்து குகை வாசலுக்குத் தாவுங்கள். போய் இறங்கியதும் முதல் வேலை சேவ். சுற்றிலும் எதிரியைக் காட்டும் சிவப்புப் புள்ளி ஏதாவது திசைகாட்டியில் தெரிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சட்டென்று உள்ளே போய்விடுங்கள். ஏதாவது இருந்தால் நீங்கள் எதிர்த்து ஓடுங்கள். அவர் பின்னால் இருக்கட்டும். அங்கே அவர் விழுந்துவிட்டால் தயங்காமல் சேவ் போட்டதைத் திரும்ப ஏற்றுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குகைக்குள்

இனி பாதை பிரிகிறது.

மோரிஸோடு வந்தவர்கள்: உள்ளே ஓடாமல் நடங்கள். அவர் வாயைப் பிளந்துகொண்டு மெதுவாக வருவார். முதல் வேர் குறுக்கிடும் இடம் வரை போங்கள். வேரை விலக்கும் வேலை தொடங்கும் இந்த இடத்தில் அவர் மனம் பொறுக்காமல் பேசுவார்: இவ்வளவு அழகான இடத்தில் கத்தியை ஓங்குவதா, வேறு வழி இருக்கிறது என்று. அவரோடு பேச்சைத் தொடர்ந்து, சரி, நீங்களே முயன்று பாருங்கள் என்ற பொருளில் பதில் சொல்லுங்கள். பேச்சை முடிக்காமல் மேலே ஏறி மரத்தைத் தொட்டுவிடாதீர்கள். அவர் மரத்தை நோக்கிப் பிரார்த்தனை செய்வார். மரம் தன் கன்று ஒன்றைத் தரும். அதைப் பெற்றுக்கொண்டு வந்த வழியே வெளியேறலாம். ஒரு ஸ்பிரிகனும் எழாது. அஸ்தாவும் சாண்டும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

தனியாக வந்தவர்கள், அல்லது மோரிஸை வழியில் இழந்தவர்கள்: நெட்டில்பேனைக் கையில் மாட்டுங்கள். இருப்பில் இருந்தால் மட்டும் போதாது, கையில் இருக்க வேண்டும். வேரை ஒரு வெட்டு வெட்டினால் அது சுருண்டு ஒதுங்கிப் பாதை விடும். வேறு எந்த ஆயுதத்தாலும், அம்பாலும், மந்திரத்தாலும் வேர் அசையாது. ‘வேர் நகரவே இல்லை’ என்ற புகார்களில் முக்கால்வாசி, இடக்கையில் வாளும் வலக்கையில் நெருப்பும் வைத்துக்கொண்டு அடித்துப் பார்ப்பவர்களுடையது. வலக்கையில் நெட்டில்பேனை மாட்டி, வேருக்கு நன்றாக நெருங்கி நின்று வெட்டுங்கள். பாதை வளைந்து மேலே ஏறும். குறுக்கே கிடக்கும் வேர்களையெல்லாம் இப்படியே விலக்கிக்கொண்டு போனால் மரத்தடி வந்துவிடும்.

மரத்தைத் தொடுவதற்கு முன் நில்லுங்கள். சேவ் போடுங்கள். நெருப்பு மந்திரத்தையோ நெருப்பேற்றிய ஆயுதத்தையோ ஃபேவரிட்ஸ் பட்டியலில் சேர்த்து வையுங்கள். கணினியில் க்யூ தட்டினால் அந்தப் பட்டியல் திறக்கும். பாலை எடுத்த நொடியில் சுற்றிலும் ஸ்பிரிகன்கள் உயிர்பெறும். மரப்பட்டை உடம்பு, உள்ளே பச்சை ஒளி. பூச்சிக் கூட்டத்தை ஏவும், நகத்தால் கீறும். உயிர் குறைந்ததும் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்வதுதான் இவற்றின் பெரிய தொல்லை. ஒன்றை முக்கால்வாசி அடித்துவிட்டு இன்னொன்றுக்குத் திரும்பினால் முதலாவது மறுபடி முழு உயிரோடு வந்து நிற்கும். ஒன்றைப் பிடித்தால் அதை முடிக்காமல் விடாதீர்கள். குனிந்து ஒளிரத் தொடங்கினால் அதுதான் குணமாகும் நேரம். அப்போது கையிலிருக்கும் பலமான அடியை இறக்குங்கள்.

அவற்றின் கோபம் உங்களோடு நிற்காது. அஸ்தா, சாண்ட் இருவரையும் தாக்கும். அவர்களைக் காப்பாற்ற நினைத்தால் வேகமாகக் கீழே இறங்க வேண்டும், அதே சமயம் உங்கள் நெருப்பு அவர்கள் மேல் பட்டுவிடாமலும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம். சண்டைக்குத் தயாராக இல்லாதவர்கள் வாசலை நோக்கி ஓடிவிடலாம். கதவைத் தாண்டினால் குவெஸ்ட் பொருள் உங்களிடம்தான் இருக்கும்.

விழுந்த ஸ்பிரிகன்களிடமிருந்து டேப்ரூட் என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பறித்த ஜாஸ்பே திராட்சையோடு கலந்தால் மாஜிக்கா என்ற மந்திர ஆற்றல் வேகமாக ஊறும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக மந்திரத்துக்கு எதிரான பலவீனமும் சேர்ந்து வரும் என்பதால் குடிப்பதைவிட விற்பதற்கு நல்லது. டிராகன்ஸ் டங்கோடு கலந்தால் இல்யூஷன் என்ற மாயை வித்தையைக் கூட்டும் சுத்தமான மருந்து.

திரும்பி வந்த பிறகு

பாலைக் கொண்டுவந்தால் டானிகா மகிழ்ந்து வாங்கிக்கொள்வார். பட்டுப்போன கில்டர்கிரீன் மறுபடி இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும். கன்றைக் கொண்டுவந்தால் முதலில் முகம் சுருங்குவார், நான் கேட்டது இதுவல்லவே என்பார். பழையதை இழுத்துப் பிடித்து வைக்காமல் புதியது வளரட்டும் என்ற வாதத்தை எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார். பழைய மரம் போய், அந்த இடத்தில் இளங்கன்று வரும்.

அலங்காரத்துக்காக மட்டும் பார்த்தால் பால்தான் லாபம்: சதுக்கத்தில் பூத்துக் குலுங்கும் பெரிய மரம். கன்று சின்னது, அதன் பக்கத்தில் நின்றால் சதுக்கம் வெறிச்சென்றிருக்கும். ஆனால் குகைவனம் குகைவனமாகவே மிஞ்சுவது கன்றுப் பாதையில்தான். வீடு கட்டும் வேலை, டிராகன் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் பின்னாளில் அந்தக் குகைக்குள் மறுபடி நுழையும்போது, இரண்டு பக்தர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் இரண்டு பிணங்கள் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எங்கள் ஓட்டு கன்றுக்கே.

எந்த முடிவானாலும் பலன் ஒன்றுதான். டானிகா ரெஸ்டோரேஷன் என்ற குணப்படுத்தும் வித்தையைக் கற்றுத்தருவார். மாஸ்டர் ஆசிரியர் என்பதால் அந்தத் திறன் 90 ஆகும் வரை அவரிடம் காசு கொடுத்துப் படிக்கலாம். ஒரு லெவலுக்கு ஐந்து பாடம்தான். நகரத்துக்குள்ளேயே இப்படி ஓர் ஆசிரியர் கிடைப்பது குணப்படுத்தும் மந்திரத்தை நம்பி ஆடுபவர்களுக்குப் பெரிய வசதி.

மரம் மாறவில்லை என்று பதற வேண்டாம். டானிகாவிடம் பேசி முடித்த உடனே வெளியே வந்து பார்த்தால் பழைய மொட்டை மரமே நிற்கக்கூடும். நகரத்தை விட்டு வெளியேறி, வேறு வேலையாகச் சில நாள் சுற்றிவிட்டு, அல்லது வேறு இடத்தில் காத்திருப்புப் பொத்தானை அழுத்தி நாட்களைத் தள்ளிவிட்டு வந்து பாருங்கள்.

இதே சாயலில் இன்னொன்று

டான்கார்ட் விரிவாக்கம் வைத்திருப்பவர்களுக்கு ஃபால்க்ரீத் மலைகளுக்குள் ஆன்செஸ்டர் க்ளேட் என்ற இன்னொரு மறைவனம் உண்டு. எல்டர்க்ளீமில் கத்தி பிடித்த கை கூசினவர்களுக்கு அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது: மரத்தில் கத்தி வைப்பதே அங்கே சடங்கு. ‘அன்சீன் விஷன்ஸ்’ குவெஸ்ட்டில் வரும். அங்கே மாட்டி வைத்திருக்கும் இரட்டைப்பிடிக் கத்தியை எடுத்து கேன்டிகல் மரத்தின் பட்டையைச் சீவிக்கொள்ள வேண்டும். பட்டை கையில் இருந்தால் அந்துப்பூச்சிகள் உங்களைச் சுற்றி வரும். வனத்தில் ஆங்காங்கே பறக்கும் கூட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக நடந்து போய் ஏழு கூட்டங்களையும் சேர்த்ததும், நடுவில் விழும் ஒளித்தூணுக்குள் நின்று எல்டர் ஸ்க்ரோல் என்ற பழஞ்சுருளை விரிக்கலாம். அங்கே புதியவர்கள் தடுமாறுவது ஏழாவது கூட்டத்துக்குத்தான். பாறைகளுக்குப் பின்னாலும் மேட்டுப் பக்கமும் சுற்றி வந்தால் கிடைக்கும். ஓடினால் பூச்சிகள் தொற்றிக்கொள்ள நேரம் போதாது, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஓரிரு நொடி நின்றுவிட்டு நகருங்கள்.